டர்பன் முன்சாமிகளும் பொத்தேரிப் பங்காளிகளும்

2000-ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ், தன் குடும்பப் பெயரையே கொண்ட ஆண்களைச் சோதித்தார். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. அது தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவது. அங்கே குடும்பப் பெயரும் அதே வழியில் போகிறது. நமக்கு அப்பா பெயர் இனிஷியலாகி அடுத்த தலைமுறையில் உதிர்ந்துவிடுகிறது.

கடல் தாண்டிய நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எங்கள் ஊர் பொத்தேரிக்கு எங்களைத் தேடி வந்த குடும்பம் முன்சாமி குடும்பம். 1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன சுமார் 1,52,000 பேரில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்களில் எத்தனையோ முனுசாமிகள். ஒவ்வொருவரின் பிள்ளைகளும் முன்சாமி ஆனார்கள். பிள்ளை, நாயுடு, படையாச்சி என்பவையோ பல குடும்பங்களுக்குப் பொதுவான பட்டங்கள். அதனால் பெயரை மட்டும் நம்பி ஒய் குரோமோசோம் சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

முதலில் கப்பல் பட்டியலைப் பாருங்கள். ஆளின் எண், தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் அதில் உண்டு. ஜில்லா செங்கல்பட்டு என்றிருந்தால் இன்றைய மாவட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். அன்று பொன்னேரி, திருவள்ளூர், சைதாப்பேட்டை, காஞ்சிபுரம், மதுராந்தகம் எல்லாமே அந்த ஜில்லாதான். குமாஸ்தா எழுதிய ஊர் எங்கள் பொத்தேரியாகவும் இருக்கலாம், காஞ்சிபுரத்துப் புத்தேரியாகவும் இருக்கலாம். தாலுகாவைப் பார்த்துத்தான் நாங்கள் முடிவுக்கு வந்தோம்.

அடுத்தது குலதெய்வம். என்னைக் கேட்டால், குடும்பப் பெயர் செய்கிற வேலையை இங்கே செய்வது அதுதான். ஒரே குலதெய்வத்துக்கு முடியிறக்குகிறவர்கள், சாவுத் தீட்டுக் காக்கிறவர்கள், ஒருவருக்கொருவர் பெண் கொடுக்காதவர்கள் பங்காளிகள். பங்காளி முறை ஆண்வழி. ஒய் குரோமோசோமும் அப்படியே. டர்பனிலிருந்து வந்த அம்மா, “எங்களுக்கு பச்சையம்மன்தான், பாட்டி சொல்லுவாங்க” என்றதும் எங்கள் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வீட்டுக்கும் பச்சையம்மன். ஆனால் இந்தப் பக்கம் பச்சையம்மனைக் கும்பிடும் குடும்பங்கள் ஏராளம். அதற்குப் பிறகுதான் சோதனையைப் பற்றிப் பேசினோம்.

அந்த அம்மாவிடம் ஒய் குரோமோசோம் கிடையாது. அவருடைய அண்ணன்தான் மாதிரி கொடுக்க வேண்டும். இந்தப் பக்கம் பெரியப்பா. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பார்கள். வெற்றிலை போடுகிறவர்கள் முன்னதாக வாயை நன்றாகக் கொப்பளித்து, கொஞ்ச நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். ஒய் குரோமோசோமில் குறைந்தது 37 இடங்களைப் பார்க்கும் சோதனையாக இருக்கட்டும், முடிந்தால் 111. சில இடங்களை மட்டும் பார்த்தால் உறவே இல்லாதவர்களும் ஒத்துப்போவார்கள்.

எங்களுக்கு 37-இல் ஒன்றுதான் வேறுபட்டது. ஆண்வழியில் இரு குடும்பத்துக்கும் பொதுவான ஒரு பாட்டன் இருந்திருக்கிறார் என்று நம்ப இது போதும். அவர் யார், எத்தனையாவது தலைமுறை என்பதைச் சோதனை சொல்லாது. அதைக் கப்பல் பட்டியலில் உள்ள தகப்பன் பெயரையும் எங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தையும் வைத்துத்தான் தேடுகிறோம்.

எல்லாக் குரோமோசோமையும் பார்த்து உறவு சொல்லும் சோதனையில் கவனம் தேவை. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் சராசரியாக 12.5 சதவீதம் பகிர்வார்கள் என்பது பொதுக் கணக்கு. அக்கா மகளையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய நம் குடும்பங்களில் ஒரே மூதாதை பல வழிகளில் வந்து சேர்கிறார். அதனால் தூரத்து உறவும் நெருங்கிய உறவாகத் தெரியும். கணினி காட்டும் உறவுமுறையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், யார் யாரைக் கட்டினார்கள் என்று முதலில் எழுதிவையுங்கள்.

மாதிரி எடுக்கும் முன்பே பெரியவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தத்து, இரண்டாம் கல்யாணம், கப்பலுக்குக் காத்திருந்த டிப்போவிலும் கப்பலிலும் சேர்ந்த குடும்பம் என்று ஆண்வழி மாற எத்தனையோ காரணங்கள் உண்டு. ஒத்துப்போகாவிட்டால் யாருடைய பாட்டியையும் குற்றம் சொல்லக் கூடாது. பெரியப்பாவிடம் இதைச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே குச்சியைக் கையில் எடுத்தோம்.