பாஸ்வேர்டு மறந்தால் ஃபார்மட்தானா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என எந்த ஊர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது.

“அண்ணே, மொவன் துபாய்க்குப் போயாச்சு. இதுக்க பாஸ்வேர்டு எங்களுக்குத் தெரியாது பாத்துக்கிடுங்க.”

“ஃபார்மட் அடிச்சு புது ஓ.எஸ். போட்டிரலாம். உள்ள வல்லதும் வேணுமாக்கா?”

உள்ளே என்ன இருக்கிறது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. தலையசைத்துவிடுவார். கல்யாணப் படங்கள், பத்திர ஸ்கேன், மகளின் கல்லூரி புராஜெக்ட், ரப்பர் தோட்டத்து வரவு செலவு எல்லாம் அந்த ஒரு தலையசைப்பில் போய்விடும். பாஸ்வேர்டை மறந்ததால் எந்தக் கோப்பும் அழிவதில்லை. மறந்த பிறகு அவசரப்பட்டு எடுக்கும் முடிவுதான் அழிக்கிறது. அந்த அவசரத்துக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: ஃபார்மட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உண்மை: வழி உண்டா என்பது, அது எந்த வகைக் கணக்கு என்பதைப் பொறுத்தது. விண்டோஸில் இரண்டு வகை. ஒன்று, அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டுமே இருக்கும் லோக்கல் கணக்கு. மற்றொன்று, மின்னஞ்சலோடு இணைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு. இது 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்தது.

மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் கையிலுள்ள போனிலிருந்தே பாஸ்வேர்டை மாற்றலாம். பிறகு கம்ப்யூட்டரை நெட்டில் இணைத்து, புதிய பாஸ்வேர்டை அடித்து உள்ளே போகலாம். ஒரு கோப்பும் தொலையாது.

லோக்கல் கணக்கு என்றால் தவறான பாஸ்வேர்டு ஒன்றை அடித்துவிட்டு, கீழே என்ன வருகிறது என்று பாருங்கள். 2018 ஏப்ரலில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு முதல், லோக்கல் கணக்கு தொடங்கும்போதே மூன்று பாதுகாப்புக் கேள்விகள் கேட்கப்படுகின்றன. அவற்றுக்கு அன்று கொடுத்த பதிலைச் சொன்னால் அங்கேயே புது பாஸ்வேர்டு வைக்கலாம்.

அதே கம்ப்யூட்டரில் வீட்டிலுள்ள வேறொருவருக்கு அட்மின் கணக்கு இருந்தால், அவர் உள்ளே போய் மாற்றித் தரலாம். ஆனால் லோக்கல் கணக்கின் பாஸ்வேர்டைப் பிறர் மாற்றும்போது, பிரவுசரில் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகளும், விண்டோஸில் தனியாகக் குறியாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்துவைத்த கோப்புகளும் திறக்காமல் போகக்கூடும். அதனால் பாதுகாப்புக் கேள்விகளை முதலில் முயல்வது நல்லது.

நம்பிக்கை 2: எப்படியும் போனுக்கு ஓ.டி.பி. வந்துவிடும்.

உண்மை: வளைகுடாவுக்கும் கப்பல் வேலைக்கும் பிள்ளைகளை அனுப்பும் மாவட்டம் கன்னியாகுமரி. ஊரில் இருந்தபோது வாங்கிய சிம் நம்பரைத்தான் கணக்கில் கொடுத்திருப்பார்கள். 90 நாள் பயன்படுத்தாத பிரீபெய்டு நம்பரை நிறுவனம் துண்டித்துவிடலாம். துண்டித்து மேலும் 90 நாள் கழிந்தால் அந்த நம்பர் வேறொருவருக்குப் போகலாம். அதன் பிறகு உங்கள் ஓ.டி.பி. முன்பின் தெரியாதவரின் போனில் வந்து நிற்கும்.

பழைய நம்பரும் பழைய மின்னஞ்சலும் இரண்டும் கையில் இல்லாமல், கணக்கின் பாதுகாப்பு விவரங்களை முழுவதுமாக மாற்றினால் மைக்ரோசாஃப்ட் 30 நாள் காத்திருக்க வைக்கும். கணக்கைக் களவாட வந்தவர் யார், உரியவர் யார் என்று பிரித்தறியவே இந்தத் தாமதம். விமானம் ஏறும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, வீட்டிலுள்ள ஒருவரின் நம்பரையும் இரண்டாவது மின்னஞ்சலையும் கணக்கில் சேர்த்துவிட்டால் இந்தத் துன்பம் இல்லை.

நம்பிக்கை 3: பழைய பாஸ்வேர்டைக் கடைக்காரர் எடுத்துத் தருவார், இல்லையென்றால் மைக்ரோசாஃப்டிடம் கேட்கலாம்.

உண்மை: நீங்கள் அடித்த சொல் அப்படியே எங்கும் சேமிக்கப்படுவதில்லை. கணிதமுறை ஒன்றால் அதை அரைத்து, ‘ஹாஷ்’ எனப்படும் எழுத்துத் தொடராக மாற்றிவைக்கிறார்கள். மில்லில் அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க முடியாததுபோல, ஹாஷிலிருந்து பாஸ்வேர்டைத் திருப்பி எடுக்க முடியாது. சிறிய, எளிய பாஸ்வேர்டு என்றால் லட்சக்கணக்கான சொற்களைப் போட்டுப் பார்த்து ஊகிக்கலாம். நீளமானது என்றால் அதுவும் நடக்காது. மற்றபடி யாராலும் செய்ய முடிவது, பழையதன் இடத்தில் புதியதை வைப்பது மட்டுமே.

நம்பிக்கை 4: உள்ளே நுழைய முடியாவிட்டால் கோப்புகளையும் எடுக்க முடியாது.

உண்மை: பழைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் எடுக்கலாம். விண்டோஸ் பாஸ்வேர்டு விண்டோஸின் வாசலை மட்டுமே காக்கிறது. டிஸ்க் குறியாக்கம் செய்யப்படாமல் இருந்தால், வேறொரு ஓ.எஸ். வழியாக அதே டிஸ்கைப் படிக்க முடியும்.

இதற்கு நம் வீடுகளிலேயே சான்று இருக்கிறது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15இல் தொடங்கியது. அதில் வந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற ஓ.எஸ்.ஸும் இருந்தது. பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எந்த ஓ.எஸ். வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் பாஸைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனால், விண்டோஸ் பகுதியில் கிடக்கும் படங்களையும் ஆவணங்களையும் பென் டிரைவுக்கு நகலெடுக்கலாம். பாஸ் இல்லாத கம்ப்யூட்டரில், லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் அதே வேலையைச் செய்யும். ஃபார்மட் அடிக்கும் முன் இதைச் செய்து தரும்படி கடையில் தயங்காமல் கேளுங்கள்.

இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். உங்களால் இப்படி எடுக்க முடிந்தால், பஸ்ஸில் தவறவிட்ட மடிக்கணினியை எடுத்துச் சென்றவராலும் முடியும்.

நம்பிக்கை 5: புது மடிக்கணினியிலும் அப்படியே எடுத்துவிடலாம்.

உண்மை: இங்கேதான் காலம் மாறிவிட்டது. 2024இல் வந்த விண்டோஸ் 11, 24ஹெச்2 பதிப்பு புதிதாக நிறுவப்பட்ட கம்ப்யூட்டர்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்ததும் டிஸ்க் பெரும்பாலும் தானாகவே குறியாக்கம் ஆகிவிடுகிறது. அதற்கு முந்தைய கம்ப்யூட்டர்கள் சிலவற்றிலும் இந்த வசதி உண்டு. பிட்லாக்கர் என்று சொல்வது இதைத்தான். அப்படிப்பட்ட டிஸ்கை வெளியே கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் பொருளற்ற எண்கள்தான் தெரியும்.

மதர்போர்டு மாற்றிய பிறகோ, கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸை அப்டேட் செய்த பிறகோ ஒரு நீலத் திரை வந்து மீட்புச் சாவி கேட்கக்கூடும். அந்தச் சாவி 48 இலக்கம். ஆறு ஆறாகப் பிரித்த எட்டுக் கட்டங்கள். சாவியின் அடையாள எண்ணும் திரையில் இருக்கும். முதன்முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டுக் கம்ப்யூட்டரைத் தொடங்கினார்களோ, அந்தக் கணக்கில்தான் சாவி சேமிக்கப்பட்டிருக்கும். “நீங்களே எல்லாம் செட் பண்ணித் தந்திருங்க” என்று சொல்லிவிட்டு வரும்போது, கடையிலுள்ள யாரோ ஒருவரின் மின்னஞ்சலில் கணக்கு தொடங்கப்பட்டால் சாவியும் அவரிடமே போகும். சாவி எங்கும் இல்லை என்றால் கோப்புகள் போனவைதான். மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது.

20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று 2025 தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். புது மடிக்கணினி வாங்கும் ஒவ்வொரு மாணவரும் முதல் நாளே தன் சொந்த மின்னஞ்சலில் கணக்கு தொடங்கி, சாவி அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

நம்பிக்கை 6: பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பாஸ்வேர்டு போய்விடும்.

உண்மை: மதர்போர்டிலுள்ள வட்டப் பேட்டரியைக் கழற்றினால் பழைய டெஸ்க்டாப்களில் பயாஸ் பாஸ்வேர்டு அழியும். விண்டோஸ் பாஸ்வேர்டு இருப்பது டிஸ்கில். பேட்டரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இன்றைய மடிக்கணினிகளில் பயாஸ் பாஸ்வேர்டும் தனிச் சிப்பில் பதிந்திருப்பதால் அசையாது. அதேபோல, சேஃப் மோடில் போனால் பாஸ்வேர்டு இல்லாத அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு தெரியும் என்பது எக்ஸ்பி காலத்துச் செய்தி. 2007இல் வந்த விஸ்டா முதல் அந்தக் கணக்கு முடக்கப்பட்டே வருகிறது.

நம்பிக்கை 7: நெட்டில் தேடினால் இலவச மென்பொருள் கிடைக்கும்; கஸ்டமர் கேர் நம்பரும் கிடைக்கும்.

உண்மை: பூட்டு உடைக்கும் மென்பொருள் என்ற பெயரில் வைரஸ் வருவது உண்டு. தேடலில் கிடைக்கும் போலி கஸ்டமர் கேர் நம்பரை அழைத்துப் பணத்தை இழப்பவர்கள் இருக்கிறார்கள். பணம் போனால் உடனே 1930க்கு அழையுங்கள். அடுத்தவர் கம்ப்யூட்டரை அவர் அனுமதியின்றி, நேர்மையற்ற நோக்கத்தோடு திறப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். அதனால் நல்ல கடைக்காரர் முதலில் கம்ப்யூட்டர் வாங்கிய பில்லைக் கேட்டால் வருத்தப்படாதீர்கள். அவர் உங்களையும் சேர்த்தே காக்கிறார்.

உள்ளே நுழைய முடிகிற இன்றைக்கே மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். கணக்கிலுள்ள நம்பரும் மின்னஞ்சலும் பயன்பாட்டில் உள்ளவையா என்று பாருங்கள். 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் அச்செடுத்து, வீட்டுப் பத்திரங்களோடு வைத்து, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். முக்கியமான கோப்புகளைத் தனி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து வையுங்கள். பாஸ்வேர்டு மறந்தாலும், சாவி தொலைந்தாலும், கம்ப்யூட்டரே பழுதானாலும் அந்த இரண்டாவது நகல் உங்களைக் கைவிடாது.