நண்டு வளர்க்கப் போறீங்களா? முதல்ல அது எந்த நண்டுன்னு பாருங்க!

போன இதழ்ல கப்பி மீன் பத்தி ஜூனியர் ஒருத்தர் எழுதியிருந்தார். அதைப் படிச்சதும், நானும் என் கதையைச் சொல்லிடணும்னு தோணிச்சு. நல்ல கதை இல்ல. ஆனா உங்களுக்கு உதவும்.

செகண்ட் இயர் படிக்கும்போது அக்வேரியம் கடை ஒண்ணுல ஒரு நண்டு வாங்கினேன். பழுப்பு உடம்பு, பளிச்சுனு சிவப்புக் கொடுக்கு. "ஃப்ரெஷ் வாட்டர் நண்டு தம்பி, மீனோடயே விடலாம்"னு கடைக்காரர் சொன்னார். நம்பி, வீட்டுல கப்பி இருந்த டேங்க்ல விட்டேன். டேங்க் முழுக்கத் தண்ணி. ராத்திரி ஆனா போதும், அது ஃபில்டர் ஒயரைப் பிடிச்சு ஏறி மேலேயே நிக்கும். அதனால வாட்ச்மேன்னு பேர் வெச்சோம். நான் தினமும் வலையால தள்ளி மறுபடி தண்ணிக்குள்ள விடுவேன். தப்பிக்கப் பார்க்குதுன்னு நினைச்சேன்.

நாலாவது வாரம் அது செத்துப் போச்சு.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். அது தப்பிக்கப் பார்க்கல. மேல வந்து நிக்க இடம் தேடியிருக்கு. அது ரெட் கிளா கிராப். கழிமுகத்துல, அலையாத்திக் காட்டுச் சேத்துல, பாதி நேரம் தண்ணிக்கு வெளியே வாழுற ஜாதி. உப்பே இல்லாத தண்ணிக்குள்ள நான் அதை அமுக்கி வெச்சிருந்தேன். 5 வோல்ட் ஐ.சி.யை டேட்டா ஷீட் பார்க்காம 12 வோல்ட்ல மாட்டின மாதிரி. ஒரே வித்தியாசம், ஐ.சி. உடனே புகைஞ்சிடும். நண்டு வாரக்கணக்குல தாக்குப் பிடிக்கும். அதனாலதான் "நல்லாத்தானே இருக்கு"ன்னு நாம ஏமாந்துடுறோம்.

அதனால இந்தப் பாடத்துல முதல் வேலை, டேட்டா ஷீட் பார்க்குறது.

1. எந்த நண்டு?

கடையில "ஃப்ரெஷ் வாட்டர் நண்டு"ன்னு சொல்லி விக்கிறது எல்லாம் நன்னீர் நண்டு இல்ல. நீங்க பார்க்க வாய்ப்பு இருக்குற சில வகைகள் இதோ:

ரெட் கிளா: சதுரமான பழுப்பு ஓடு, சிவப்பு அல்லது ஆரஞ்சு கொடுக்கு. செசார்மிடே குடும்பம். லேசா உப்புத் தண்ணியும் கரையும் ரெண்டும் வேணும்.

ஃபிட்லர் நண்டு: ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பு சைஸுக்குப் பெருசா இருக்கும், கண் நீளக் காம்பு மேல நிக்கும். பிச்சாவரம் போனவங்க சேத்துல கை ஆட்டுற மாதிரி நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. இதுக்கும் உப்புத் தண்ணியும் மணல் கரையும் வேணும். தயவுசெஞ்சு அங்கிருந்து பிடிச்சுட்டு வராதீங்க.

வேம்பயர் நண்டு: ஊதா உடம்பு, மஞ்சள் கண். ஜாவா தீவுக்காரர். கடைகள்ல வித்துக்கிட்டிருந்த இந்த நண்டுக்கு 2015-லதான் அறிவியல் பெயரே வெச்சாங்க. கிட்டத்தட்ட முழுக்கத் தரையிலதான் வாழும். ஈரமான மண்ணும் ஒரு சின்னக் கிண்ணத்துல நல்ல தண்ணியும் போதும். உப்பு வேண்டாம்.

தாய் மைக்ரோ நண்டு: தாய்லாந்து ஆத்துல இருந்து வர்றது. ஓடு ஒரு சென்டிமீட்டர்கூட வராது, கால் மட்டும் சிலந்தி மாதிரி நீளம். இது நிஜமாவே முழு நன்னீர் நண்டு, எப்பவும் தண்ணிக்குள்ளயேதான் இருக்கும். சாது. மீனைத் தொடாது, மீன்தான் இதைச் சாப்பிட்டுடும்.

பேந்தர் நண்டு: ஆரஞ்சு உடம்புல கறுப்புப் புள்ளி. சுலவேசித் தீவுல இருக்குற மட்டானோ ஏரிக்காரர். இதுவும் முழு நன்னீர்தான், ஆனா ரவுடி. கூட யாரையும் விடாதீங்க.

நம்ம ஊர் வயல் நண்டு: வரப்புல வளை தோண்டுற அதேதான். உண்மையான நன்னீர் நண்டு. இதோட முட்டை லார்வாவா வெளியே வராது. அம்மா வயித்துக்கு அடியில ஒட்டியிருந்து நேரா குட்டி நண்டாவே வரும். ரெட் கிளா, ஃபிட்லர் லார்வா எல்லாம் உப்புத் தண்ணியில மிதந்து வளர்றவை. அதனால வீட்டு டேங்க்ல குட்டி எதிர்பார்க்காதீங்க.

ஆணா பெண்ணான்னு பார்க்குறது ரொம்ப ஈஸி. நண்டைத் திருப்பி வயித்துல மடிஞ்சிருக்குற தட்டைப் பாருங்க. குறுகலா கூம்பு மாதிரி இருந்தா ஆண், அகலமா வட்டமா இருந்தா பெண். ரெட் கிளா, ஃபிட்லர் மாதிரி வகைகள்ல ஒரு டேங்க்ல ஒரு ஆண் போதும். ரெண்டு ஆண் இருந்தா கால் எண்ணிக்கை குறைய ஆரம்பிக்கும்.

2. டேங்க் செட்டப்

இனி ரெட் கிளாவை வெச்சே சொல்றேன். ஏன்னா பெரும்பாலும் உங்க கைக்கு வர்றது அதுதான்.

ரெண்டு அடி டேங்க்ல ஒரு ஆண், ரெண்டு பெண் வளர்க்கலாம். பாதி உயரம் தண்ணி போதும். மீதி கரை: கல்லு, மரக்கட்டை, ஓட்டுத் துண்டு எதை வேணா அடுக்குங்க, ஆனா சரியாம இருக்கணும். தண்ணிக்கு மேல முழு உடம்பும் வந்து உட்கார இடம் கட்டாயம். நண்டு செவுளாலதான் மூச்சு விடும், ஆனா செவுள் ஈரமா இருந்தா காத்துலயும் விட முடியும். செசார்மிட் நண்டுகள் செவுள்ல இருக்குற தண்ணியை வெளியே விட்டு, ஓட்டு மேல இருக்குற முடி வழியா ஓடவிட்டு, காத்து ஏத்தி மறுபடி உள்ளே இழுத்துக்கும். ஒரு குட்டி ரீசர்குலேஷன் சிஸ்டம்!

மூடி ரொம்ப முக்கியம். கொழுத்த நண்டு வளையில தங்காதுன்னு சும்மா சொல்லல. ஒயர் போற ஓட்டையைக்கூட ஸ்பாஞ்சால அடைங்க. வெளியே போன நண்டு ஃப்ரிட்ஜுக்கு அடியில காஞ்சு கிடக்கும்.

உப்பு: சமையல் உப்பு வேண்டாம். அதுல கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கடல் தண்ணி அளவுக்குக் கிடையாது. அக்வேரியம் கடையில மெரைன் சால்ட்னு கேளுங்க. ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 1.005 வரணும். அதாவது லிட்டருக்குச் சுமார் 7 கிராம். 20 லிட்டருக்கு 140 கிராம். தனி பக்கெட்ல கரைச்சு ஊத்துங்க. ஹைட்ரோமீட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க, ஸ்கூல் ஃபிஸிக்ஸ் ஆர்க்கிமிடீஸ் கடைசியா ஒரு தடவை யூஸ் ஆகும்.

இங்கேதான் பலர் சறுக்குறாங்க. வெயில்ல தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால குறைஞ்ச தண்ணிக்கு வெறும் நல்ல தண்ணிதான் ஊத்தணும். தண்ணியை எடுத்துட்டு மாத்தும்போது மட்டும் உப்புத் தண்ணி. வாரம் 5 லிட்டர் மாத்தினா 35 கிராம் உப்பு, கணக்கு சிம்பிள்.

ஆர்.ஓ. தண்ணியை மட்டும் நம்பாதீங்க. ஓடு கட்ட மினரல் வேணும். குழாய்த் தண்ணியில குளோரின் இருந்தா ஆன்ட்டி குளோரின் சொட்டு விடணும்.

சைக்கிளிங்: நண்டு வாங்குறதுக்கு முன்னாடியே ஃபில்டரை ஓட விட்டு, தினமும் கொஞ்சம் மீன் தீனி போட்டு, 4-லிருந்து 6 வாரம் காத்திருங்க. கழிவுல வர்ற அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும். முதல் ரெண்டும் விஷம், மூணாவதை வாட்டர் சேஞ்ச்ல வெளியேத்திடலாம். அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் டெஸ்ட் கிட்ல ஜீரோ காட்டினா டேங்க் ரெடி.

3. சாப்பாடு

எல்லாம் சாப்பிடும். காஞ்ச நாட்டு வாதுமை இலை போடுங்க, நம்ம கேம்பஸ் பார்க்கிங்லயே கொட்டிக் கிடக்கு. மருந்து அடிக்காத மரமா பார்த்துக்கோங்க. வேக வெச்ச பட்டாணி, பாலக், வாரம் ரெண்டு தடவை சின்ன மீன் துண்டு அல்லது இறால். மிச்சத்தை மறுநாள் எடுத்துடுங்க. கால்சியத்துக்குக் கணவாய் ஓடு, நாட்டு மருந்துக் கடையில கடல்நுரைன்னு கேட்டா தருவாங்க.

4. ஓடு கழட்டுற நேரம்

நண்டு வளரும், ஓடு வளராது. அதனால பழைய ஓட்டைக் கழட்டிப் போட்டுட்டு, உள்ளே இருக்குற மெத்துனு புது ஓடு இறுகுறதுக்குள்ள பெருசாகிக்கும். அதுக்கு முன்னாடி சாப்பிடாது, மூலையில ஒளிஞ்சுக்கும். கவலைப்படாதீங்க, தொந்தரவும் பண்ணாதீங்க.

ஒருநாள் காலையில டேங்க்ல "செத்த நண்டு" கிடக்கும். தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி பாருங்க: உள்ளே வெறுமையா இருந்து, பின்பக்கம் பிளந்திருந்தா அது ஓடு. நாத்தம் வந்து, உள்ளே சதை இருந்தாத்தான் நண்டு. ஓடா இருந்தா எடுக்காதீங்க, அதைத் தின்னுதான் கால்சியத்தைத் திரும்ப எடுத்துக்கும். புது ஓடு இறுக சில நாள் ஆகும். அந்த நேரத்துல கூட இருக்குற நண்டே கடிச்சிடும், அதனால ஒளிய நிறைய இடம் வைங்க. போன கால்கூட அடுத்தடுத்து ஓடு கழட்டும்போது திரும்ப முளைச்சிடும்.

5. செய்யக்கூடாதவை

மீனுக்கு விடுற மருந்துல காப்பர் இருக்கான்னு லேபிள் பாருங்க. காப்பர் நண்டுக்கு விஷம். அதே மாதிரி கொசு லிக்விட், கரப்பான் ஸ்ப்ரே. அதுல இருக்குற பைரித்ராய்டு வகை மருந்து பூச்சிக்கு மட்டும் இல்ல, பூச்சியோட சொந்தக்காரரான நண்டுக்கும் எமன். டேங்க் இருக்குற ரூம்ல வேண்டவே வேண்டாம்.

ஹாஸ்டல்ல வளர்க்காதீங்க. செம் லீவுக்கு ஊருக்குப் போனா யார் பார்த்துப்பா? போர் அடிச்சா ஏரியிலயும் விடாதீங்க. அது வெளியூர் உயிர், அங்கே இருக்குறதுக்கும் ஆபத்து, அதுக்கும் ஆபத்து. கடையிலயே திருப்பிக் கொடுங்க, இல்ல வளர்க்கிறவங்க யாருக்காவது கொடுங்க.

தேர்ட் இயர்ல எல்லாத்தையும் சரியா செட் பண்ணி இன்னொரு ரெட் கிளா வாங்கினேன். மூணு மாசம் கழிச்சு ஒரு காலையில, கல்லு பக்கத்துல அசையாம கிடந்துச்சு. எனக்குப் பழைய ஞாபகம் வந்து கையே ஓடல. அம்மா வந்து எட்டிப் பார்த்தாங்க. மன்னார்குடி பக்கம் வயல்ல வளர்ந்தவங்க. "டேய், ஓட்டைக் கழட்டிப் போட்டிருக்குடா. ஆளு அந்தக் கட்டைக்கு அடியில இருப்பாரு, பாரு"ன்னாங்க. குனிஞ்சு பார்த்தா, பழசை விடப் பெருசா, வெளிறின நிறத்துல, ரெண்டு கண்ணும் என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

அதுக்கும் வாட்ச்மேன்னுதான் பேர். ராத்திரி மேல ஏறி வந்து கட்டை மேல உட்காரும். நான் இப்போ வலையை எடுக்குறதில்ல.