பாதத்தின் வெளியோரம் நொந்தால் மைதானத்தில் இறங்காதீர்கள்: செப்டெம்பர்–ஒக்டோபர் ஆலோசனை

கோடைச் சுற்றுப்போட்டிகள் முடிந்துவிட்டன. பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. ஞாயிறு லீக், பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்போல் பயிற்சி, பழைய மாணவர் சங்கத்தின் கடைசிக் கிண்ணம் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து குவிகின்றன. வருஷா வருஷம் இந்த வாரங்களுக்குப் பிறகுதான் ஊன்றுகோலோடு வரும் பெடியளை அதிகம் பார்க்கிறோம். போன வருஷமும் தீபாவளிக்கு முன்னமே சீசன் முடிந்துபோனவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் யாரோடும் மோதி விழுந்தவர்களல்ல. நோ வந்தும் விளையாடியவர்கள்.

வழமையானவற்றை முதலில் சொல்லி முடிக்கிறோம். சப்பாத்து வாங்கப் பின்னேரம் போங்கள். பகல் முழுக்க நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. ஆட்டத்துக்குப் போடும் காலுறையோடு போட்டுப் பாருங்கள். புதுச் சப்பாத்தை ஆட்டநாளில் முதல்முறையாகப் போட வேண்டாம். காய்ந்த புல்லுக்கும் நவம்பர்ச் சேற்றுக்கும் 3ஜி செயற்கைத் தரைக்கும் ஒரே ஸ்டட் உதவாது. நீளமான ஸ்டட் செயற்கைத் தரையில் பிடித்துக்கொண்டு நிற்கும், உடம்பு மட்டும் திரும்பும். நகத்தை நேராக வெட்டுங்கள். நித்திரையைக் குறைக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை குதிக்கால் நோகுது என்றால் அது பெரும்பாலும் வளரும் வயது நோ. ஓட்டத்தைக் குறைத்தால் ஆறும். 'சாட்டுச் சொல்லுறான்' என்று அதட்டாதீர்கள்.

பெருவிரல் பின்பக்கமாக மடங்கி அதன் அடிமூட்டு நொந்தால் அதையும் லேசாக எடுக்க வேண்டாம். செயற்கைத் தரை பரவிய காலத்தில், 1976இல், அமெரிக்க வைத்தியர்கள் அதற்கு 'டர்ஃப் டோ' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்தத் தரையைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. அமெரிக்கன் ஃபுட்போல் லீக்கான என்எஃப்எல் வீரர்களின் சங்கம் எல்லா மைதானங்களிலும் இயற்கைப் புல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. எங்கள் டொட்டன்ஹாம் மைதானத்தில் உதைபந்துக்கான புற்றரை மூன்று துண்டாகப் பிரிந்து தெற்குப் பார்வையாளர் மேடைக்குக் கீழே போய்விடும். என்எஃப்எல் ஆட்டம் நடப்பது அதற்கு அடியிலுள்ள செயற்கைத் தரையில்.

இனி வைட்டமின் டி. ஒக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை பிரிட்டன் வெயிலில் எங்கள் தோல் போதிய அளவு வைட்டமின் டி செய்யாது. நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுக்கலாம் என்பது என்ஹெச்எஸ் எல்லாருக்கும் சொல்லும் ஆலோசனை. கறுத்த தோல் உள்ளவர்கள், தெற்காசியர் உட்பட, வருஷம் முழுக்க எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மருந்துக்கடையில் சில பவுண்டுக்குக் கிடைக்கும். முந்நூறு பவுண்டுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுக்கும் வீட்டில் இது இல்லாமலிருப்பதைப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது.

வழமையானவை முடிந்தன. இனிச் சொல்லப்போவதை வாசிக்காவிட்டால் மேலே வாசித்தது வீண்.

இருந்த இடத்திலேயே பாதத்தின் வெளியோரத்தைச் சுண்டுவிரலிலிருந்து குதிக்கால் பக்கமாகத் தடவிக்கொண்டு வாருங்கள். பாதி வழியில் ஒரு புடைப்புத் தட்டுப்படும். அது ஐந்தாவது மெட்டாடார்சல் எலும்பின் அடி. அந்தப் புடைப்பும், அதிலிருந்து விரல் பக்கமாக ஒரு பெருவிரல் அகலமும் நொந்தால், விளையாட்டை நிறுத்துங்கள். அன்றைக்கே நிறுத்துங்கள்.

காரணம் இரத்தம். எலும்பின் இரு பக்கமிருந்தும் வரும் குழாய்கள் புடைப்பைச் சற்றுத் தாண்டிய இடத்தை எட்டும்போது மெலிந்துவிடுகின்றன. இறைப்பில் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேர்வது போல. அதனால் அங்கே வெடித்த எலும்பு மெதுவாகத்தான் பொருந்தும், சிலருக்குப் பொருந்தாமலே நிற்கும். தொழில்முறை வீரர்களுக்கு உள்ளே திருகாணி வைத்துப் பூட்டுவது அதனால்தான்.

ஏன் இந்த மாதங்கள்? ஓடி ஓடி எலும்பில் விழும் நுண்ணிய கீறல்களை உடம்பு தானாகத் திருத்தும். பழுதானதை முதலில் அரித்து அகற்றும், பிறகு புதிதாகக் கட்டும். அகற்றுவது விரைவு, கட்டுவது தாமதம். செப்டெம்பரில் திடீரென்று ஓட்டத்தைக் கூட்டினால் எலும்பு மெலிந்து நிற்பது சில வாரம் கழித்துத்தான். அப்போதுதான் லீக் சூடுபிடிக்கும்.

அந்த எலும்பை முறிக்க எதிராளி வேண்டியதில்லை. இந்த முறிவுக்குப் பெயர் தந்த லிவர்பூல் வைத்தியர் ரொபர்ட் ஜோன்ஸ் 1902இல் எழுதிய கட்டுரையில் தன் பாதத்தைத்தான் முதல் உதாரணமாகக் காட்டினார். நடனமாடும்போது போனது.

பெடியள் உடனே சொல்லும் பதில் எங்களுக்குத் தெரியும்: "என்எஃப்எல்காரன் விளையாடுறான்தானே?" சரி, அவரையே பார்ப்போம். அப்போது டெனசி டைட்டன்ஸ் அணியின் ரன்னிங் பேக்காக இருந்த டெரிக் ஹென்றி 2020 சீசனில் 378 தடவை பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார். 2021இல் என்எஃப்எல் ஓர் அணிக்கான சீசன் ஆட்டங்களை 16இலிருந்து 17 ஆக்கியது. அந்த வருஷம் முதல் எட்டு ஆட்டங்களிலேயே அவர் 219 தடவை ஓடிவிட்டார். அதே வேகத்தில் போயிருந்தால் 460ஐத் தாண்டியிருப்பார். ஒரு சீசனுக்கான சாதனையே 416தான், 2006இல் லாரி ஜோன்சன் வைத்தது. எட்டாவது ஆட்டத்தில், ஒக்டோபர் 31 அன்று, ஹென்றியின் ஐந்தாவது மெட்டாடார்சல் போனது. பாதத்தில் பட்ட பிறகும் அவர் அந்த ஆட்டத்தை விளையாடி முடித்தார். பிறகு அறுவைச் சிகிச்சை. திரும்பி வந்தது ஜனவரி பிந்திய பகுதியில்.

அத்தனை ஓட்டத்தால்தான் உடைந்தது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. மற்றக் காயங்களைப் போல இதிலும் சப்பாத்து, தரை, பாதத்தின் வளைவு, அதிர்ஷ்டம் எல்லாம் கலந்திருக்கும். ஆனால் அவர் ஓடிய ஒவ்வொரு தடவையையும் எண்ண அங்கே ஆளிருந்தது. முறிந்ததும் நிபுணர் பார்த்தார். பெப்ரவரியிலிருந்து யூலை வரை ஆட்டமே கிடையாது. அப்படி இருந்தும் உடைந்தது. பிறகு முழுதாக ஆறிய பாதத்தோடு வந்து, 2023 ஒக்டோபரில் இதே டொட்டன்ஹாமில் ஓடினார். அவரைக் காட்டி 'நோவோடு விளையாடலாம்' என்று வாதாடாதீர்கள், தம்பி. அவரைக் காட்டி வீட்டில் இருங்கள்.

உங்கள் ஓட்டத்தை எண்ணுவது யார்? பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூட அணி, உடற்பயிற்சிப் பாடம், கழகத்தில் இரண்டு இரவு, ஞாயிறு லீக். இடையில் சங்கத்தின் ஒருநாள் சுற்றுப்போட்டி வந்தால் காலையிலிருந்து பொழுதுபடும் வரை ஆட்டத்துக்குப் பின் ஆட்டம். ஒவ்வொரு பயிற்றுநருக்கும் தன் மணித்தியாலம் மட்டும்தான் தெரியும். பெரியவர்களும் திறமில்லை. பிரிட்டனில் கழகங்களின் அமெரிக்கன் ஃபுட்போல் வசந்தத்தில் தொடங்கிக் கோடையில் முடிகிறது, பல்கலைக்கழக லீக் இலையுதிர் காலத்தில் ஆரம்பிக்கிறது. லண்டன் வொரியர்ஸ், லண்டன் பிளிட்ஸ் போன்ற கழகங்களில் கோடை முழுக்க ஆடியவர் அப்படியே பல்கலைக்கழக அணிக்குப் போனால் அவருக்கு ஓய்வு மாதம் என்று ஒன்று இல்லை.

ஆகவே ஒரு கொப்பி எடுங்கள். எல்லா அணிகளுக்குமாக அந்த வாரம் ஓடிய நிமிடங்களைக் கூட்டி எழுதுங்கள். போன வாரத்தைவிடப் பாய்ச்சலாகக் கூடியிருந்தால் ஒரு பயிற்சியை வெட்டுங்கள். கிழமைக்கு ஒரு முழுநாளாவது பாதத்துக்கு ஓய்வு. விடுமுறையில் ஊருக்குப் போய் மூன்று கிழமை ஓடாமலிருந்தவர், விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. பாதி ஓட்டத்தில் தொடங்குங்கள்.

திரும்பவும் சொல்கிறோம், வெளியோரம் நொந்தால் நிறுத்துங்கள். நோக்குளிசை போட்டுவிட்டு இறங்குவது மடத்தனம். குளிசை எச்சரிக்கையைத்தான் அணைக்கும், எலும்பை ஒட்டாது. எண்ணெய் பூசி உருவ வேண்டாம். 'நடக்கத்தானே முடியுது, உடையேல்லை' என்று சொல்லும் மாமாமாருக்கு ஒரு வார்த்தை: இந்த எலும்பு வெடித்த பிறகும் பலர் நடப்பார்கள், சிலர் ஓடுவார்கள்.

அந்தப் புடைப்பை அழுத்த நொந்தாலோ நாலடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் வகுத்து இங்கும் அவசரப் பிரிவுகளில் பின்பற்றப்படும் விதி அது. 111க்கு அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அவசர சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். 'காலில் அடிபட்டது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் விரலை வைத்து இடத்தைக் காட்டுங்கள். பல வாரமாக நொந்துகொண்டிருந்ததா என்பதையும் சொல்லுங்கள். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். இரண்டு கிழமை கழித்தும் நோ இருந்தால் திரும்பப் போய் மறு எக்ஸ்ரேயோ எம்ஆர்ஐயோ கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

முறிவு என்று தெரிந்தவர்கள் நோ போனதை வைத்துத் திரும்பும் திகதியைக் குறிக்க வேண்டாம். எலும்பு பொருந்தியதைப் படத்தில் பார்த்து வைத்தியர் சொல்ல வேண்டும். உதைபந்து வீரர் நெய்மாருக்கு 2018 பெப்ரவரியில் வலது பாதத்தின் ஐந்தாவது மெட்டாடார்சல் முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. 2019 ஜனவரியில் அதே பாதம், அதே எலும்பு.

அணிப் பட்டியல் எழுதும் அண்ணாமாருக்கு: அடுத்த ஆட்டத்திலிருந்து, சப்பாத்துக் கட்டமுதல், ஒவ்வொருவரையும் பாத வெளியோரத்தை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தவரின் பெயரை வெட்டுங்கள். ஆள் குறைந்தால் குறைந்த ஆளோடு ஆடுங்கள்.