ஈரலைக் கொழுக்க வைப்பது எண்ணெயா, சீனியா?

கேள்வி: கல்லீரலில் கொழுப்புப் படியத் தேங்காயெண்ணெய்தான் காரணமா? எண்ணெயை மாற்றினால் ஈரல் தப்புமா? (ஹட்டன்)

பதில்: பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் கல்லீரலைக் குறிக்கும் சொற்கள் அத்திப்பழத்தின் இலத்தீன் பெயரிலிருந்து கிளைத்தவை. ரோமர் வாத்துகளுக்கு அத்திப்பழத்தை ஊட்டி ஈரலைக் கொழுக்க வைத்தமையால் ‘அத்தியீரல்’ என்ற பொருளில் ஒரு தொடர் வழங்கி, பின்னர் அதில் ஈரல் உதிர்ந்து அத்தி மட்டும் நிலைத்தது. எண்ணெய்க் குடத்தை நாடாமல் இனிப்பை நாடிய அந்த ரோமச் சமையற்காரன், உயிர்வேதியியல் பயிலாமலேயே விடையில் பாதியை எழுதிவிட்டான்.

கல்லீரற் கலங்கள், அதாவது செல்கள், சீனியிலிருந்தும் மாப்பொருளிலிருந்தும் தாமே கொழுப்பை ஆக்க வல்லவை. கொழுப்பு ஈரல் கொண்ட நோயாளரிடம் அமெரிக்காவில் செய்யப்பட்டு 2005இல் வெளியான ஆய்வொன்றில், ஈரற்கொழுப்பில் 59 வீதம் உடலின் சேமிப்பிலிருந்து இரத்தவழியே வந்ததாகவும், 26 வீதம் கலங்களுக்குள் புதிதாக ஆக்கப்பட்டதாகவும், உண்ட கொழுப்பு வந்து சேர்ந்தது 15 வீதமே எனவும் காணப்பட்டது.

ஆயினும் எண்ணெய்கள் யாவும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் அல்ல. சுவீடனின் உப்சாலாவில் 39 இளவயதினர் ஏழு வாரங்கள் வழக்கமான உணவுக்கு மேலாகக் கேக் உண்டனர். சிலரது கேக்கில் சூரியகாந்தி எண்ணெயும், ஏனையோரது கேக்கில், மலையகத்தார் முள்ளுத்தேங்காய் என்றழைக்கும் செம்பனையின் எண்ணெயும் சேர்க்கப்பட்டிருந்தன. எடை இரு சாராருக்கும் ஒத்த அளவில் கூடியபோதிலும், செம்பனைக் கேக் உண்டோரின் ஈரலிலேயே கொழுப்பு மிகுதியாக ஏறியதென 2014இல் வெளியான முடிவு கூறுகிறது. செம்பனை எண்ணெயில் ஏறத்தாழப் பாதியும் தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 வீதமும் நிரம்பிய கொழுப்பு, அதாவது ஐதரசனுக்கு மேலும் இடமில்லாத வகை. தேங்காயெண்ணெய் ஈரலை அடைந்ததும் எரிந்து தீரும் என்பது பாதிக் கட்டுக்கதை. அவ்வாறு எரிபவை அதிலுள்ள, ஒப்பீட்டளவில் குறுகிய சங்கிலி கொண்ட அமிலங்களே. அதன் பாதியளவான லோரிக் அமிலத்தின் பெரும்பகுதி ஏனைய கொழுப்புகளின் நிணநீர்ப் பாதையிலேயே செல்கிறது.

மலையேறி உழைப்போருக்கு இந்நோய் அண்டாது என்னும் நம்பிக்கையும் நிலைக்கவில்லை. நுவரெலியா மாவட்டத்தின் லிந்துலைப் பகுதியில் இரு தோட்டங்களைச் சேர்ந்த 35 முதல் 64 வயது வரையானோரை ஆராய்ந்து 2011இல் வெளியான கட்டுரை, மதுவால் விளையாத கொழுப்பு ஈரல் 18 வீதத்தினரிடம் இருந்ததைக் காட்டியது. லயத்து அடுப்பில் வேகும் கோதுமை மா ரொட்டியையும், அருகே இருக்கும் சாயத்தண்ணியில் கரையும் மூன்று கரண்டிச் சீனியையும் விட்டுவிட்டுத் தாளிக்கும் எண்ணெயை மட்டும் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது. இக்கேள்வி-பதில் பகுதியின் எல்லாப் பதில்களும் சீனிப் போத்தலில்தான் முடிகின்றன என்னும் வாசகர் முறைப்பாட்டுக்கு இம்முறையும் மறுப்பில்லை.

கேள்வி: அது கிடக்கட்டும், நுவரெலியாவில் தென்னை ஏன் காய்ப்பதில்லை? (தலவாக்கலை)

பதில்: தென்னை வெப்பத்தை நம்பி வாழும் மரம்; ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தின் குளிர் அதற்கு ஒவ்வாது. ஆகையால் ரொட்டிக்குத் துருவும் தேங்காய் குருநாகல், புத்தளம் போன்ற தாழ்நிலங்களிலிருந்து லொறியில் வளைவுகளைச் சுற்றி வந்து, வழியில் விலையையும் ஏற்றிக்கொள்கிறது. அக்குளிரில் கரும்பும் விளைவதில்லை. எனினும் சீனி மட்டும் மலையேறத் தவறியதேயில்லை.