புதைந்த கேபிள், குழாய் தேடுவோருக்கான களப் பாதுகாப்பு

கேபிள் தேடுபவரின் கண் கருவித் திரையிலேயே பதிந்திருக்கும். வண்டி வந்து மோதுவது அந்த நேரத்தில்தான். பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவே பொங்கலூர் வழியாகப் போகும் கோவை–திருச்சி நெடுஞ்சாலையில் காலையும் மாலையும் பனியன் கம்பெனி வேன்கள் விரையும். சாலையோர வேலையை அந்த இரு வேளையும் தவிர்த்து, வண்டிகளை மட்டுமே கவனிக்க ஓர் ஆளை நிறுத்துவது முதல் படி.

அடுத்தது விசாரணை. மத்திய அரசு 2023 மார்ச் 22 அன்று வெளியிட்ட ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியில் தோண்டும் இடத்தைப் பதிந்தால், அங்கே கேபிளும் குழாயும் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். ஆனால் கிணற்றிலிருந்து சாலைக்கு அடியில் அடுத்த தோட்டத்துக்குப் போட்ட பிவிசி குழாயும் மோட்டார் ஒயரும் எந்த வரைபடத்திலும் இருக்காது. தோட்டக்காரரையும் தறிக்கூடத்தாரையும் நேரில் கேட்பதே வழி.

பிறகு கருவி. இங்கேதான் பெரிய பிழை நேர்கிறது. கருவியின் 50 ஹெர்ட்ஸ் தேடல், கேபிளில் மின்னோட்டம் இருந்தால்தான் ஒலி எழுப்பும். விசைத்தறி நின்றிருக்கும் நாளில் அதற்குப் போகும் கேபிளில் மின்னழுத்தம் முழுதாக இருக்கும், ஓட்டம் இராது. கருவி பேசாது, தொட்டால் உயிர் போகும். வெறும் பிவிசி குழாயோ எப்போதுமே இந்தக் கருவிக்கு அகப்படாது. ஓட்டம் இல்லாத கேபிளுக்காகச் சிக்னல் அனுப்பும் பெட்டியைக் கொண்டும் ஒருமுறை தேட வேண்டும். அதன் கிளிப்பை மின்சாரம் உள்ள கம்பியில் மாட்டவே கூடாது. காப்புறை மேல் கவ்வியைப் பூட்டுவதும் மின்வாரிய ஊழியர் முன்னிலையில்தான்.

ஆழத்தையும் நம்ப முடியாது. 11 கிலோவோல்ட் கேபிள் 90 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 1255. சாலையை அகலப்படுத்தி மண்ணை வழித்த இடத்தில் அது அரையடியிலும் கிடக்கலாம். கருவி காட்டிய இடத்தைத் தரையில் குறித்து, அங்கே கையால் சோதனைக்குழி எடுத்துக் கேபிளைக் கண்ணால் பார்த்த பிறகே இயந்திரம் இறங்கலாம்.

தடத்தில் உள்ள கேபிள் சேம்பரின் மூடியைக் கம்பியால் நெம்பி, தள்ளி நின்று திறக்க வேண்டும், உள்ளே விரியன் சுருண்டிருக்கலாம். நச்சுவாயு கண்ணுக்குத் தெரியாது. வாயுச் சோதனை இல்லாமல் குனிவதோ இறங்குவதோ கூடாது. விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவதும் கூடாது.

ஜேசிபி வாளி கேபிளில் பட்டால் ஓட்டுநர் இருக்கையிலேயே இருக்க, மற்றவர்கள் விலகி நின்று, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 எண்ணில் அழைக்க வேண்டும். தீப்பிடித்தால் மட்டும் அவர் வண்டியையும் தரையையும் ஒருசேரத் தொடாமல் இரு காலும் சேர்த்துக் குதித்து, கால்களை ஒட்டியபடியே நகர்ந்து விலகலாம்.

தேடல் முடிந்ததும் குறிகளைப் படமெடுத்து, ஜேசிபி ஓட்டுநரைத் தடம் முழுக்க நடத்திக் காட்ட வேண்டும். மழையில் குறி கரைந்தால் மறுபடி தேடிக் குறிக்கும்வரை தோண்டல் நிற்க வேண்டும்.