கல்லின் மொழி

வேல்ஸ் நாட்டுக் காஸ்டெல்டுவிரானில் கிடைத்த நினைவுக்கல் ஒன்று ஏறத்தாழ கி.பி. 6ஆம் நூற்றாண்டினது. அதன் முகப்பில் வோட்டெப்போரிக்ஸ் என்பானது பெயர் இலத்தீனில் வெட்டப்பட்டுள்ளது. விளிம்பிலோ, அதே பெயர் ஒகம் என்னும் கோட்டெழுத்தால் ஐரிஷ் மொழி வடிவில் உள்ளது. அந்நிலத்தில் ஐரிஷ் மொழியினரும் வாழ்ந்தமையின், இரு சாராரும் அறிதற்பொருட்டே இங்ஙனம் வெட்டினர் போலும். ஆகவே, கல்லின் மொழி இறந்தாரை மட்டுமன்றிப் படிப்பாரையும் காட்டுவதாகும்.

இவ்வுண்மையை நம் தஞ்சையிலும் காண்கின்றோம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசராசன் பெரிய கோயிலில் வெட்டுவித்த தமிழ்ச் சாசனங்கள், ஆடல் மகளிர் நானூற்றுவர் பெயரையும் விடாது காத்துள்ளன. அக்கோயிலிலேயே இரண்டாம் சரபோசி மன்னர் 1803இல் தம் குலவரலாற்றை மராத்தியில் பொறிப்பித்தார். 1798 பிப்ரவரி 13இல் மறைந்த தம் ஆசான் சுவார்ட்ஸ் ஐயருக்கோ, புனித பேதுரு ஆலயத்துக் கல்லறைக்கென ஆங்கிலத்தில் தாமே செய்யுள் இயற்றினார்.

ஐயர் தமிழில் போதித்தவர். தமிழ் ஏழைகளிடையே உழைத்தவர். அவரை இழந்து அழுத அவ்வேழைகளுள் அக்கல்லைப் படிக்கவல்லார் எத்துணையர்? எனினும் மன்னரைக் குறை கூறோம். ஐயரது பராமரிப்பில் வளர்ந்த மாணாக்கர், அவரால் தமக்கு வாய்த்த மொழியிலேயே நன்றி செலுத்தினார்.

ஆதலின், கல்வெட்டு ஆராயும் நாம், யாது எழுதப்பட்டது என்பதோடு அமையாது, யாவர்க்கு எழுதப்பட்டது, யாவர் விடுபட்டனர் எனவும் வினவுதல் வேண்டும். விடுபட்டார்க்கு அக்கல்லின் பொருளைத் தமிழில் எடுத்துரைத்தல் தமிழ் பயிலும் நம் கடனன்றோ?