உதவிக்கு அழைத்தால் தண்டனை இல்லை!

கல்லூரி விடுதியில் ஒரு மாணவர் அளவுக்கு மீறி மது அருந்திவிட்டு மயங்கிக் கிடக்கிறார். ஆம்புலன்ஸை அழைத்தால் நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடும். “தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்” என்று நண்பர்கள் விட்டுவிடுகிறார்கள். மதுவுக்கான சட்ட வயது 21 ஆக உள்ள அமெரிக்காவில், தண்டனைக்குப் பயந்து இப்படித் தாமதிப்பது உயிரிழப்புக்கு ஒரு காரணமாகிறது. இதற்குத் தீர்வாக வந்ததே ‘மருத்துவப் பொதுமன்னிப்பு’.

தூங்கினால் சரியாகிவிடுமா?

மதுவில் உள்ள எத்தனால் இரைப்பை, சிறுகுடல் வழியாக இரத்தத்தில் கலந்து மூளையை அடைகிறது. அங்கே நரம்பணுக்களின் வேகத்தைக் குறைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் விளைவைக் கூட்டுகிறது. தூண்டிவிடும் குளூட்டமேட்டின் விளைவைக் குறைக்கிறது. முதலில் பேச்சும் நடையும் தடுமாறும். அளவு கூடினால், மூச்சைக் கட்டுப்படுத்தும் முகுளமும் மந்தமாகிவிடும். தொண்டையைக் காக்கும் அனிச்சைச் செயலும் குன்றுவதால், வாந்தி மூச்சுக்குழாயை அடைத்துவிடலாம்.

குடிப்பதை நிறுத்தியதும் ஆபத்து நின்றுவிடாது. வயிற்றில் எஞ்சியுள்ள மது தொடர்ந்து இரத்தத்தில் கலக்கும். கடைசி மிடறுக்குப் பிறகு அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரைகூட அதன் அளவு ஏறலாம். தூங்குபவரின் நிலை மேலும் மோசமாகலாம்.

கணக்கிட்டுப் பாருங்கள்

கல்லீரலில் உள்ள நொதிகள் மதுவைச் சிதைக்கின்றன. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மணிக்குச் சுமார் 0.015 கிராம் மட்டுமே குறையும். ஒருவருக்கு 0.24 கிராம் இருந்தால், 0.24 ÷ 0.015 = 16 மணி நேரம்! காப்பியும் குளிர்ந்த நீரும் இந்த வேகத்தைக் கூட்டாது.

விதியை மாற்றிய பல்கலைக்கழகம்

நியூயார்க் மாநிலத்தின் கோர்னெல் பல்கலைக்கழகம் 2002இல் புதிய நடைமுறையைக் கொண்டுவந்தது. மது தொடர்பான அவசர நிலையில் உதவிக்கு அழைப்பவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும், மது அருந்தியதற்காக ஒழுங்கு நடவடிக்கை இல்லை. காப்பாற்றப்பட்டவருக்கு ஆலோசனை வழங்கப்படும்.

“இதனால் குடிப்பது கூடிவிடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். 2006இல் வெளிவந்த ஆய்வின்படி, மாணவர்களின் மதுப் பழக்கம் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. உதவிக்கான அழைப்புகள் கூடின. பின்னர் ஆலோசனை பெற்றவர்களின் விகிதமும் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது.

போதைப்பொருளுக்கும் இதே சிந்தனை விரிந்தது. அளவு மீறிய பயன்பாட்டின்போது உதவிக்கு அழைப்பவரைப் பாதுகாக்கும் சட்டத்தை 2007இல் நியூ மெக்சிகோ மாநிலம் முதலில் இயற்றியது. ஓபியாய்டு வகைப் போதைப்பொருள் மூச்சை அடக்கினால், நலோக்சோன் என்ற மருந்தால் அதை மாற்ற முடியும். உரிய நேரத்தில் கொடுத்தால்தான் பயன். மதுவுக்கு அப்படிப்பட்ட மாற்று மருந்து இல்லை.

ஆபத்தின் அறிகுறிகள்

• தட்டி அழைத்தாலும் எழாமை
• நிமிடத்துக்கு 8க்கும் குறைவாக மூச்சு விடுதல், அல்லது இரு மூச்சுகளுக்கிடையே 10 விநாடிக்கு மேல் இடைவெளி
• உடல் சில்லிட்டு, உதடு நீலம் பூத்தல்
• வலிப்பு, மயக்கத்தில் வாந்தி

ஓர் அறிகுறி தெரிந்தாலும் உடனே அழையுங்கள்: மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. மூச்சு இருந்தால் அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தனியே விட்டுச் செல்லாதீர்கள். எதை, எவ்வளவு உட்கொண்டார் என்பதை மருத்துவ உதவியாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சைக்கு அந்தத் தகவல் தேவை.

பொதுமன்னிப்பு விதி எல்லா நாட்டிலும் இல்லை. ஆனால் முகுளம் மந்தமாகும் விதம் எங்கும் ஒன்றுதான். தண்டனையை எதிர்கொள்ள நாளை நேரம் உண்டு. நின்றுபோகும் மூச்சுக்குச் சில நிமிடங்களே உண்டு.

சிந்திக்க

1. மயங்கியவரை மல்லாக்கப் படுக்க வைப்பது ஏன் ஆபத்து?
2. 0.18 கிராம் முழுமையாக நீங்க எத்தனை மணி நேரமாகும்?